டர்போ பம்ப் மாட்டியும் வெற்றிடம் 3×10⁻⁴ டாரிலேயே நிற்கிறது

கேட்டவர்: வீட்டுப் பட்டறையில் சின்ன ஃபியூசர் (உயர் மின்னழுத்தத்தில் அணுக்கருக்களை மோதவிட்டு இணைக்கும் கருவி) ஒன்று வைத்திருக்கிறேன், 6 லிட்டர் ஸ்டீல் அறை. இதுவரை ரோட்டரி பம்ப் மட்டும்தான்; 15 மைக்ரானுக்குக் கீழே இறங்காது (மைக்ரான் என்பது அழுத்த அலகான டாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மிச்சக் காற்றின் ஊதா ஒளியையே பார்த்து அலுத்துப்போய், நொடிக்கு 60 லிட்டர் இழுக்கும் பழைய டர்போ (வேகமாகச் சுற்றும் பிளேடுகளால் வாயுவைத் தள்ளும் பம்ப்) ஒன்றை வாங்கி மாட்டினேன். முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பென்னிங் கேஜ் (அழுத்தமானி) 3×10⁻⁴ டாரைத் தாண்டி இறங்கவில்லை. கசிவு தேடி இணைப்புகளில் ஆல்கஹால் தடவியும் பார்த்தேன், கேஜ் அசையவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில் 1: பம்பைத் திட்டுவதற்கு முன் அறையின் வால்வை மூடிவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறியுங்கள். நேர்கோடாக ஏறினால் கசிவு. போகப்போகத் தளர்ந்தால் உள்சுவரில் ஒட்டிய ஈரம்.

கேட்டவர்: முதல் நிமிடம் 1.5 மைக்ரான் ஏறியது. பத்து நிமிடத்தில் மொத்தம் 9தான்.

பதில் 1: அப்போ ஈரம். ஹீட்டர் டேப் சுற்றி 120 டிகிரியில் ஒரு ராத்திரி வையுங்கள், வைட்டான் ரப்பர் ஓ-ரிங் தாங்கும்.

பதில் 2: சூடாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது. 6 லிட்டரில் நிமிடத்துக்கு 1.5 மைக்ரான் என்றால் நொடிக்கு 1.5×10⁻⁴ டார்-லிட்டர் வாயு. 60 லிட்டர் பம்ப் அதை 2.5×10⁻⁶ டாருக்கு இறக்கியிருக்க வேண்டும். அதே வாயுவை உங்கள் 3×10⁻⁴ டாரால் வகுத்தால், அறைக்குக் கிடைப்பதோ நொடிக்கு அரை லிட்டர்! டர்போவை எதன் வழியாக இணைத்தீர்கள்?

கேட்டவர்: ரோட்டரிக்கு இருந்த அதே ஹோஸ். உள்விட்டம் 16 மி.மீ., நீளம் ஒரு மீட்டர்.

பதில் 2: திருடன் அகப்பட்டான். இந்த அழுத்தத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வராது. சுவரில் மோதி மோதித் தட்டுத்தடுமாறித்தான் பம்ப் வாய்க்கு வந்து சேரும். செ.மீ. அளவில் விட்டத்தின் மும்மடியை (விட்டம்×விட்டம்×விட்டம்) 12-ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்துப் பாருங்கள், அதே அரை லிட்டர் வரும். டர்போவை அறை வாயிலேயே 40 மி.மீ. ஃபிளாஞ்சில் மாட்டுங்கள். ஹோஸ் டர்போவுக்கும் ரோட்டரிக்கும் நடுவில் இருக்கட்டும், அங்கே அது போதும். டர்போ வாயில் வலை வைக்க மறக்காதீர்கள்; கிரிட் (அறைக்குள் இருக்கும் கம்பிக் கூண்டு) கம்பித் துண்டு ஒன்று விழுந்தால் பிளேடு காலி.

கேட்டவர்: மாற்றிவிட்டேன். சூடாக்காமலே 7×10⁻⁶! விற்றவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இன்னொன்று: கடைசியில் டியூட்டீரியத்தை (எரிபொருளான கன ஹைட்ரஜன்) 10 மைக்ரான் விடத்தானே போகிறோம், இவ்வளவு இறக்குவது எதற்கு?

பதில் 2: அந்த 10 மைக்ரானும் டியூட்டீரியமாகவே இருக்கத்தான். ஈரமும் காற்றும் கலந்திருந்தால் மின்னோட்டம் அவற்றோடு வீணாகும், நியூட்ரான் குறையும். வாயு விடும்போது டர்போ பக்க வால்வைக் கொஞ்சம் மட்டும் திறந்து வைத்து மற்றபடி மூடிவிடுங்கள். அப்புறம், மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்றக் கண்ணாடி ஜன்னல் வழியே எக்ஸ்ரே வரும். கேமரா வைத்துப் பாருங்கள், கண்ணை வைக்காதீர்கள்.