காங்கேயத்தில் மழை, உங்கள் ஊரில்?

குழு: ஆத்தா வீடு
மே மாதம், செவ்வாய்க்கிழமை

பிற்பகல் 3:52

பெரியம்மா: தெற்கே கருகருவென்று கட்டியிருக்கிறது. தாராபுரத்தில் என்ன நிலவரம்? மழையா, வெறும் காற்றா?

தாராபுரம் மாமா: அரை மணி நேரமாகக் கொட்டுகிறது அக்கா. முதலில் புழுதிக் காற்று, அதன் பிறகு கல்மழை. வாசலில் விழுந்த கல் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. மேகம் உங்கள் பக்கம்தான் நகர்கிறது. களத்தில் பருப்பு காய்ந்தால் உடனே அள்ளுங்கள்.

பெரியம்மா: களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்புதான் கிடக்கிறது. இவர் காட்டுக்குப் போனவர், போனை எடுக்கவில்லை.

திருப்பூர் சித்தப்பா: நான் அண்ணனை அழைத்துக்கொண்டே இருக்கிறேன் அண்ணி. நீங்கள் காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் களத்து ஆட்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். தார்ப்பாய் இரண்டு மாட்டுச் சாளைப் பரணில் இருக்கிறது, போன மாதம் நான்தான் மடித்து வைத்தேன்.

நான்: பெரியம்மா, மின்னல் வெட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். வெளிச்சம் தெரிந்து மூன்று விநாடிக்குள் இடி கேட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் விழுகிறது என்று அர்த்தம்.

துபாய் தம்பி: என்ன ஆயிற்று? யாராவது சொல்லுங்கள்.

மாலை 4:26

பெரியம்மா: மூடிவிட்டோம். பெரியப்பாவும் ஓடி வந்துவிட்டார். தெற்கு ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது. அதைத் தனியாக அள்ளி வைத்திருக்கிறேன். பூசணம் பிடித்தால் நல்ல பருப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பெரியம்மா: வந்துவிட்டது! மழை வந்துவிட்டது கண்ணுகளா!

துபாய் தம்பி: பெரியம்மா, ஒன்றும் பேச வேண்டாம். போனைத் திண்ணையில் வைத்து ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள்.

பெரியம்மா: (குரல் பதிவு, 2:10)

துபாய் தம்பி: நடுவில் கேட்கிற சிரிப்பு ஆத்தாவுடையதா?

பெரியம்மா: ஆத்தாவேதான். வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். முதுகு முழுக்க வேர்க்குரு, கோடை மழை பட்டால்தான் அடங்கும் என்கிறார்கள். உள்ளே கூப்பிட்டால் வருவதாயில்லை.

கோவை அண்ணன்: அம்மா, மழையில் நனையட்டும். இடி இடிக்கும்போது மட்டும் திறந்த வாசலில் நிற்க வேண்டாம். வேப்பமரத்தடிக்கும் போகவே கூடாது. கையைப் பிடித்துத் திண்ணைக்கு அழைத்து வாருங்கள்.

பெரியம்மா: அழைத்து வந்துவிட்டேன். தலையைத் துவட்டுகிறேன். பேரன் சொன்னான் என்றதும் வந்தார்கள், நான் சொன்னபோது வரவில்லை.

மாலை 4:50

கோவை அண்ணன்: சிங்காநல்லூரில் ஒரு சொட்டு இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

துபாய் தம்பி: கத்திரி முடிய இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறதே. இந்த வெயிலில் எங்கிருந்து மழை வந்தது?

கோவை அண்ணன்: இந்த வெயிலால்தான் வந்தது. காலையிலிருந்து தரை கொதிக்கிறது, சூடான காற்று மேலே ஏறுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடல் ஈரமும் உள்ளே வருகிற நாளாக இருந்தால், அந்த ஈரம் உயரத்தில் குளிர்ந்து பிற்பகலில் மேகமாகத் திரண்டு நிற்கும். வெப்பச்சலன மழை என்று வானிலை அறிக்கையில் சொல்வது இதைத்தான். மேகம் திரண்ட இடத்தில் கொட்டும், நாலு கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் வேடிக்கை பார்ப்பான். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 40 டிகிரியைத் தாண்டிக் காய்கிற நாட்களில் மாலை வானத்தை நான் தவறாமல் பார்ப்பேன்.

திருப்பூர் சித்தப்பா: திருப்பூருக்கும் வந்துவிட்டது. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் ஒருவர்கூடப் பஸ் நிழற்குடைக்குள் ஒதுங்கவில்லை. சாப்பாட்டுப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடியே நடக்கிறார்கள். தகரக் கூரைக்கு அடியில் நாள் முழுக்க வெந்தவர்கள் அல்லவா? பார்க்கவே மனம் நிறைகிறது.

நான்: சித்தப்பா, மாடித் தண்ணீர் தொட்டிக்குப் போகிறதா?

திருப்பூர் சித்தப்பா: முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைத் தூசியோடு வெளியே விட்டேன். இப்போது குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டேன்.

மாலை 6:35

கோபி அத்தை: இங்கே மழை இல்லை, காற்றுதான். சூறைக்காற்று. மாமா வாழைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் குறைவு, அதனால் அழைக்க வேண்டாம்.

பெரியம்மா: நேந்திரனுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதா அம்மிணி?

கோபி அத்தை: மேல்வயலில் சவுக்குக் கம்பு கட்டியாயிற்று. கீழ்வயலில் இந்த வாரம் கட்டுவதாக இருந்தோம்.

நான்: அத்தை, மாமாவை மரங்களுக்குள் நிற்க விடாதீர்கள். காற்று அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரவு 8:05

கோபி அத்தை: மாமா வந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. மேல்வயல் நிற்கிறது. கீழ்வயலில் குலை தள்ளிய மரங்கள் பாதிக்கு மேல் இடுப்பளவில் ஒடிந்துவிட்டன. காற்றுக்குப் பின்னாலேயே மழையும் வந்தது. இப்போதும் தூறிக்கொண்டிருக்கிறது.

தாராபுரம் மாமா: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. விடிந்ததும் எதையும் வெட்டி அகற்றாதீர்கள். முதலில் எல்லா வரிசையையும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் சொல்லுங்கள், அவர்கள் வந்து கணக்கு எடுக்கட்டும். முக்கால் விளைச்சல் வந்த காயைத் தனியாகப் பிரித்தால் சிப்ஸ் போடுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பெரியப்பா: தங்கச்சி, காலை ஆறு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பி வருகிறேன். மாப்பிள்ளை தனியாக நின்று அதைப் பார்க்க வேண்டாம்.

கோபி அத்தை: வாருங்கள் அண்ணா. மாமாவும் உங்களைத்தான் கேட்டார். மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எங்களுக்காக யாரும் மழையைப் பற்றிப் பேசாமல் இருக்காதீர்கள். ஒடித்தது காற்று. இந்த மழை பெய்யாமல் போயிருந்தால் நிற்கிற மேல்வயலுக்குத் தண்ணீர் காட்ட வழியில்லாமல் தவித்திருப்போம், வாய்க்காலில் தண்ணீர் நின்று எவ்வளவோ நாளாகிறது. அம்மா என்ன சாப்பிட்டார்கள்?

பெரியம்மா: அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். ஆத்தா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வெக்கையில் பத்து நாளாகக் கரைத்த கூழைத் தவிர எதையும் தொடாதவர்கள்.

கோபி அத்தை: அது போதும் எனக்கு.

இரவு 9:10

நான்: பெரியப்பா, நம் ஊரில் எவ்வளவு பெய்தது?

பெரியப்பா: கொறங்காட்டில், அதுதான் நம் மேய்ச்சல் காட்டில், மண்வெட்டி போட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்கு ஈரம் இறங்கியிருக்கிறது. சரளை மேட்டில் அதைவிடக் குறைவு. கிணற்றுக்கு ஒன்றும் வரவில்லை, முழுவதையும் மண்ணே குடித்துவிட்டது.

பெரியம்மா: வாசலில் எவர்சில்வர் டப்பா ஒன்று கிடந்தது. அதில் தண்ணீர் நிற்கிறது. கீழே கொட்டவா?

நான்: கொட்ட வேண்டாம் பெரியம்மா! பக்கம் நேராக உள்ள டப்பாதானே? ஸ்கேலை உள்ளே நிறுத்தி எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள்.

பெரியம்மா: நான்கு.

நான்: அப்படியானால் 40 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,60,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்து ஊற்றினால் ஏக்கருக்கு 27 நடை.

திருப்பூர் சித்தப்பா: ஒரு மணி நேரத்தில் 27 லாரித் தண்ணீரா? அதுவும் ஏக்கர் ஏக்கருக்கு!

பெரியப்பா: கணக்கு நன்றாக இருக்கிறது கண்ணு. என் சந்தோஷம் வேறு இடத்தில் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லை நீங்கள் எல்லாரும் செத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். மேலே தெரிவது வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தாலும் வேர்க்கட்டை உயிரோடுதான் இருக்கும். நான்கைந்து நாளில் பச்சை கிளம்பிவிடும். கிளுவை வேலியும் துளிர்க்கும். ஆடுகள் இரண்டு மாதமாக வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்று காலத்தைத் தள்ளுகின்றன. மாடுகளுக்குச் சோளத்தட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டோம், அதிலும் கடைசித் தட்டுப்போர்தான் மிச்சம். காரிப் பசு சாயங்காலம் மழை வாசத்துக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பார்த்தே நின்றது. இந்த மழைக்கு எங்களைவிட அதற்குத்தான் பாத்தியதை அதிகம்.

துபாய் தம்பி: அப்படியானால் அடுத்த வாரமே ஆடுகளை அவிழ்த்து விடலாமா பெரியப்பா?

பெரியப்பா: கூடாது சாமி. புல் முழங்கால் அளவாவது வளரட்டும். துளிரிலேயே மேய்த்தால் காடு தேய்ந்துபோகும். பசியில் கிடந்த ஆடு இளம்புல்லை ஒரேயடியாகத் தின்றால் துள்ளுமாரி நோய் வரும், நன்றாக இருந்த குட்டி துள்ளி விழுந்து செத்துப்போகும். தடுப்பூசிக்குக் கால்நடை மருந்தகத்தில் நாளைக்கே சொல்லிவைக்க வேண்டும். இன்னொன்று, சோளத்தட்டு அறுத்த காட்டில் மிச்சமிருக்கும் அடிக்கட்டை தழைக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அந்தப் பக்கம் மாடு போகவே கூடாது. அந்த இளந்தழைவில் விஷம் இருக்கிறது.

தாராபுரம் மாமா: மச்சான், மக்காச்சோளக் காட்டைக் கோடை உழவு ஓட்டுவீர்கள்தானே?

பெரியப்பா: ஓட்டாமல் விடுவேனா? போன பட்டத்தில் படைப்புழு என்ன பாடு படுத்தியது! அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் கிடக்கிறது. புரட்டிப் போட்டால் வெயிலும் கொக்கும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மருந்துக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். மழை இல்லாமல் இந்த மண்ணில் கலப்பை இறங்காது, கட்டி கட்டியாகப் பெயரும். இப்போது விட்டால் மறுபடி இறுகிவிடும்.

கோவை அண்ணன்: நாளைக்கே ஓட்டலாமா அப்பா?

பெரியப்பா: சேறாக இருக்கும். நான் கோபியிலிருந்து திரும்பி வருவதற்குள் பதம் வந்துவிடும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

திருப்பூர் சித்தப்பா: வெள்ளிக்கிழமைக்கு டிராக்டர் சொல்லிவிட்டேன் அண்ணா. மழை பெய்த ஊர் முழுக்க டிராக்டர்காரரைத்தான் தேடும், அதனால் முந்திக்கொண்டேன். ஐந்து கொத்துக் கலப்பையா, ஒன்பது கொத்துக் கலப்பையா?

பெரியப்பா: முதல் உழவு ஐந்து கொத்து. சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல், அடுத்த மழையும் காட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும்.