தேர்வறையில் கண்காணிப்பாளருக்கு நாற்காலி போடலாமா, கூடாதா?

சாக்பீஸ்தூள்:
பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராகப் போயிருந்தேன். நுழைந்ததும் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சரி. குலுக்கல் போட்டு அறை ஒதுக்கினார்கள், அதுவும் சரி. அறைக்குப் போனால் நாற்காலி வராந்தாவில் கிடக்கிறது. உட்காரக் கூடாதாம். 10 மணியிலிருந்து 1.15 வரை நின்றேன். வயது 54, இரண்டு முழங்காலும் தேய்மானம். அறையில் இருப்பது 20 பிள்ளைகள். உட்கார்ந்தால் கண் தெரியாதா?

ரிசல்ட்நாள்:
கண் தெரியும் டீச்சர், மூடாமல் இருந்தால். என் மகன் எழுதிய அறையில் ஒருவர் உட்கார்ந்த பத்தாவது நிமிடமே குறட்டை. கடைசி பெஞ்சில் பிட் தாராளமாகப் போய்வந்திருக்கிறது. வருடம் முழுக்கப் படித்தவன் இளிச்சவாயனா? நிற்கட்டும். அதற்குத்தானே டியூட்டி.

மூன்றாம்மணி:
தேர்வு மையங்களில் துறை அலுவலராகப் பல வருடம் இருந்தவன். வெளியே இருப்பவர்கள் பிட் பிடிப்பதுதான் இந்த வேலை என்று நினைக்கிறார்கள். வினாத்தாள் உறையைப் பிரிக்கும் முன் இரண்டு மாணவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். 10 நிமிடம் கேள்வியைப் படிக்க, 5 நிமிடம் விடைத்தாளின் மேல், மாணவர் விவரமும் போட்டோவும் இருக்கும் முகப்புத் தாளைச் சரிபார்க்க. அந்த நேரத்தில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய் போட்டோவையும் முகத்தையும் ஒப்பிடுகிறவர்தான் கண்காணிப்பாளர். கடைசியில் இன்னும் மோசம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் ஒரு பெண், வரைபடத் தாளைக் கேள்வித்தாளுக்குள் மடித்துவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். 8 மதிப்பெண் அதில் இருக்கிறது. வாசலில் நின்ற ஆசிரியை, "அம்மா, கிராப் எங்கே?" என்று கேட்டதால் தப்பித்தாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. நடுவில் இருக்கும் இரண்டரை மணி நேரத்துக்கும் நிற்கத்தான் வேண்டுமா என்றால், எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை.

பெஞ்ச்நம்பர்7:
எழுதினவன் சொல்கிறேன். உட்காருங்கள், கும்பிடுகிறேன்! வேதியியல் தேர்வில் ஒரு சார் என் பக்கத்தில் வந்து நின்று, விடைத்தாளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பயந்துபோய் சரியாக எழுதியதை அடித்துவிட்டேன். அன்றைய பாட ஆசிரியரை அறைக்குள் விடுவதில்லை அல்லவா, அவர் தமிழாசிரியர் என்று அப்புறம்தான் தெரிந்தது. எதற்கு உச்சுக்கொட்டினார் என்று இன்றுவரை தெரியாது.

ரிசல்ட்நாள்:
கையெழுத்துக்காக இருக்கும் தம்பி 😀

சாக்பீஸ்தூள்:
சிரிக்கலாம். ஆனால் எல்லாரையும் திருடனாகப் பார்க்கிற புத்திதான் நாற்காலியையும் தூக்கியது. 2017இல் கண்ணூரில் நீட் எழுத வந்த பெண்ணை உள்ளாடையைக் கழற்றச் சொன்னார்கள். ஆசிரியைகள் சஸ்பெண்ட் ஆனார்கள். 2022இல் கொல்லம் மாவட்டத்தில் மறுபடியும் அதே கூத்து. இத்தனை சோதனை போட்டும் வினாத்தாள் கசிவது நின்றதா? 2024இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமே கசியவிடுகிறவனைப் பிடிக்கத்தான், எழுதுகிற பிள்ளையை அல்ல. பெரிய திருட்டெல்லாம் அறைக்கு வெளியே. விறைத்து நிற்பது மட்டும் நாங்கள்.

ரிசல்ட்நாள்:
நீட் சோதனை வேறு, நாற்காலி வேறு. முடிச்சுப் போடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அநியாயம். அதற்காக என் மகன் அறையில் ஒருவர் தூங்கலாமா? முழங்கால் வலி இருப்பவருக்கு அந்த டியூட்டியே போடாதீர்கள் என்று கேளுங்கள், கூடவே நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சாக்பீஸ்தூள்:
கேட்காமலா? மருத்துவச் சான்று கொடுத்தேன். "எல்லாருக்கும்தான் வலிக்கிறது" என்றார்கள்.

மூன்றாம்மணி:
நடுவாக ஒன்று சொல்லவா? முதுகு சாய்க்க முடியாத ஸ்டூல் ஒன்று போடட்டும். தூக்கம் வராது, காலுக்கும் கொஞ்சம் ஓய்வு.

ரிசல்ட்நாள்:
ஸ்டூல் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாக்பீஸ்தூள்:
நல்ல யோசனைதான் சார். எங்கள் மையத்தில் இருந்த ஒரே ஸ்டூல் மேல் தண்ணீர்ப் பானை உட்கார்ந்திருக்கிறது.