ராமன் விளைவுக்குப் பிறகு கே. எஸ். கிருஷ்ணன் என்ன செய்தார்?

வத்திராயிருப்புக்காரன்:
கே. எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர்தான் எனக்கும் சொந்த ஊர். ஆனால் யாரிடம் கேட்டாலும், 1928இல் ராமனோடு சேர்ந்து வேலை செய்தவர் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் இறந்தது 1961இல். நடுவே 33 வருடம் இருக்கிறதே, அதில் என்னதான் ஆராய்ச்சி செய்தார்? நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, திண்மநிலை இயற்பியல் இந்த செமஸ்டரில்தான் ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

குவார்ட்ஸ் இழை:
தம்பி, அவருடைய சொந்த வேலையே அந்த 33 வருடத்தில்தான் இருக்கிறது. 1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போனார், சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கேதான் இருந்தார். டாக்காவில் கிருஷ்ணன் எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்தத்தன்மை. பல படிகங்களில் அது திசைக்குத் திசை மாறும், ஆனால் அந்த வேறுபாடு ரொம்பச் சின்னது. அதை அளக்க அவரும் பானர்ஜியும் கையாண்ட முறையைப் படித்தபோது எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிட்டுச் சீரான காந்தப் புலத்துக்குள் இறக்க வேண்டும், அது தனக்கு வாகான திசையில் போய் நிற்கும். அப்புறம் இழையின் மேல் நுனியை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், படிகம் இடம் விடாமல் முரண்டு பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, 45 டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பட்டென்று சுழன்றுவிடும். அதுவரை எவ்வளவு முறுக்கினோம் என்பதை வைத்தே இரண்டு திசைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இதனால் என்ன பயன் என்றால், நாஃப்தலீன், ஆந்த்ரசீன் மாதிரி வளைய மூலக்கூறுகளில் வளையத்துக்குச் செங்குத்தான திசையில் டயா காந்தத்தன்மை, அதாவது காந்தப் புலத்தை விட்டு மெல்ல விலகும் குணம், அதிகம். ஆகவே படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று இந்த அளவீட்டிலிருந்தே சொல்லலாம். எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்ட காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி! படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேலும் இவரும் 1936இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான்.

பென்சில் முனை:
பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டை விட்டுவிட்டீர்களே! 1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பியபின் அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கிராஃபைட்டில் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் உள்ள டயா காந்தத்தன்மை, அடுக்கின் தளத்தில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு. அடுக்குக்குள் அலையும் கட்டற்ற எலக்ட்ரான்கள்தான் இதற்குக் காரணம் என்று 1941இல் கங்குலியும் இவரும் எழுதினார்கள், கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கான கிராஃபீன் என்ற பேச்சே இல்லாத காலத்தில்! நான் பள்ளி ஆசிரியர். 0.5 மி.மீ. பென்சில் முனையை நூலில் கிடையாகத் தொங்கவிட்டு நியோடிமியம் காந்தத்தை நுனிப் பக்கம் கொண்டுபோனால் அது மெல்ல விலகிப் போகும். பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

வத்திராயிருப்புக்காரன்:
ரொம்ப நன்றி சார். 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு இயக்குநரானதோடு ஆராய்ச்சி நின்றுவிட்டதா?

உருகிய ஈயம்:
இல்லை. நிர்வாகம் அவரைத் தின்றுவிட்டது என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெல்லியிலும் எஸ். சி. ஜெயினோடு சேர்ந்து, சூடான பொருள்களிலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதை ஆராய்ந்தார். அதற்கு முன்பு 1942இல் அலகாபாத் போனார். அங்கே பாட்டியாவோடு செய்த வேலையைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. உருகிய உலோகத்தில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர்ச் சிதறல் காட்டிவிடும், அதிலிருந்தே அதன் மின்தடையைக் கணக்கிடலாம் என்று 1945இல் இருவரும் எழுதினார்கள். உருகிய உலோகத்தின் மின்தடைக்கு இன்று பாடப்புத்தகத்தில் ஸைமன் பெயரில் இருக்கும் கோட்பாடு வந்தது 1961இல்.

குவார்ட்ஸ் இழை:
தம்பி, கல்லூரி லேபில் மின்காந்தம் இருந்தால் ஒன்று செய்து பார். மயில்துத்தப் படிகம் வளர்க்கத் தெரியும்தானே? கிருஷ்ணனும் முகர்ஜியும் 1936இல் ஆராய்ந்தது அதே காப்பர் சல்பேட்டைத்தான். பொடிப் படிகம் ஒன்றைத் தலைமுடியில் கட்டித் தொங்கவிட்டு, எந்தத் திசையில் போய் நிற்கிறது என்று மட்டும் முதலில் பார். மின்விசிறியை நிறுத்திவிடு, மூச்சுக்காற்று பட்டாலே ஆடும்.