'ஸ்பெக்யூலர் ஹைலைட்': 'விளக்குப்பிம்பம்' என்ற பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கனிமங்களை அண்மையில் வைத்துப் படமெடுக்கும்போது கல்லின் முகத்தில் வெள்ளையாக எரிந்து நிற்கும் பகுதியை ஆங்கிலத்தில் 'ஸ்பெக்யூலர் ஹைலைட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'மினுக்கம்', 'ஒளிப்பொட்டு' என்ற இரண்டு சொற்கள் நம் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கல்லுக்கே உரிய பளபளப்பைக் கனிமவியலில் 'மிளிர்வு' என்கிறோம். அதன் பக்கத்தில் 'மினுக்கம்' வந்தால், நாம் காட்ட விரும்புவதும் அடக்க விரும்புவதும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். 'பொட்டு' வட்ட விளக்குக்குத்தான் பொருந்தும். குழல்விளக்கின் கீழ் வைத்த காக்காப்பொன் (மைக்கா) தகட்டில் தெரிவது பட்டைக்கோடு.

என் பரிந்துரை 'விளக்குப்பிம்பம்'. வழவழப்பான கல்முகம் கண்ணாடியாக நடந்துகொள்வதால், அதில் வெளுத்துத் தெரிவது விளக்கின் உருவமே. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதி தெரிந்தவர், இச்சொல்லைக் கேட்டதுமே, விளக்கை எங்கே நகர்த்தினால் அந்த உருவம் லென்சுக்குள் விழாது என்று கணக்கிடத் தொடங்கிவிடுவார். படியூரில் கிடைக்கும் அக்வாமரின் என்ற இளநீலக் கல்லைப் பட்டை தீட்டியபின் படமெடுப்பது ஏன் கடினம் என்பதும் இதனால் விளங்கும்: ஒவ்வொரு பட்டையும் வேறொரு திசையைக் காட்டுவதால், ஒன்றில் மறைந்த விளக்கு மற்றொன்றில் தோன்றும். அப்போது கல்லருகே டிரேசிங் தாளை நிறுத்தி, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால், தாளே விளக்காகிவிடுகிறது. பிம்பம் பெரிதாகிறது, அதன் கூர்மையான பொலிவு தணிகிறது. இந்தத் தாளுக்கு 'ஒளிபரப்பி' வேண்டாம், தொலைக்காட்சி நினைவுக்கு வரும், 'மென்னொளித்திரை' போதும்.

காங்கேயத்துச் சந்திரகாந்தக்கல்லில்தான் இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படுகிறது. அதில் மிதக்கும் நீலங்கலந்த வெண்மை, கல்லுக்குள் இருக்கும் மெல்லிய பெல்ஸ்பார் கனிம அடுக்குகளில் ஒளி சிதறுவதால் உண்டாவது. அது விளக்குப்பிம்பம் அன்று. எல்லாப் பக்கமும் மென்னொளித்திரையால் சூழ்ந்தால் அந்த வெண்மை மங்கிவிடும் என்பதால், ஒற்றை விளக்கை வைத்துக் கல்லைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்ப்பதே நல்லது. விளக்கின் முன் ஒரு தளவிளைவுத் தகடும் (போலரைசர்; ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்சின் முன் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய இன்னொன்றும் வைத்தால் மேற்பரப்பின் பிம்பம் ஏறத்தாழ முழுதும் அடங்கும். ஆனால் வெங்கச்சங்கல்லின் (குவார்ட்சின்) மிளிர்வும் உடன் போய்விடும்; ஆகவே நான் அதை நிறம் பதிவு செய்ய மட்டுமே பயன்படுத்துவேன். லென்சில் மட்டும் தகடு வைத்தால், குவார்ட்சில் கல்முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 57 பாகை சாய்வில் பார்க்கும்போது நன்றாகப் பயன்படும். உலோக மிளிர்வுள்ள பைரைட்டில் பெரிதும் பயன்படாது.

'பிம்பம்' வடசொல் என்ற மறுப்பு வரலாம். கண்ணாடியில் தெரிவதை 'நிழல்' என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனக்கும் அச்சொல் மிகப் பிடித்தமானது. எனினும் ஒளிப்படத்தில் நிழலுக்கு வேறு வேலை இருப்பதால், 'விளக்குநிழல்' என்று எழுதினால் படிப்பவர் விளக்கின் கருநிழலைத் தேடுவார்.

அகராதிப் பதிவுக்கு இப்படி எழுதலாம்: விளக்குப்பிம்பம் (பெயர்ச்சொல்) – பளபளப்பான பரப்பில் எதிரொளித்து லென்சுக்குள் வரும் ஒளிமூலத்தின் உருவம்.