பட்டா இல்லாத தெருவுக்குத் தண்ணீர்: மனுவா, மறியலா?

கேள்வி (வடசென்னை வாசகி):
எங்கள் தெருவில் குழாய் இணைப்பு இல்லை. தண்ணீர் லாரி நள்ளிரவில் வந்து நிற்கிறது. பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. எந்த மனு போட்டாலும், "பட்டா இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். மறியலில் இறங்கிவிடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற எழுத்தர்):
மறியல் எங்கும் ஓடிப்போகாது அம்மா. முதலில் கணக்கு வேண்டும். லாரி வந்த நேரம், வீட்டுக்கு எத்தனை குடம், வராத நாள் எல்லாவற்றையும் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் லாரி நடைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்றுடன் விண்ணப்பித்தால் அந்தக் கட்டணமும் வேண்டாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். உங்கள் நோட்டும் அவர்கள் பதிவேடும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் பலம் இருக்கிறது. "ஆவன செய்யப்படும்" என்று எழுதிப் பழகிய கை அங்கே தயங்கும். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான்.

பதில் (வழக்கறிஞர்):
பட்டா விஷயத்துக்கு: அனுமதியற்ற குடிசையில் வாழ்கிறார்கள் என்பதற்காகத் தண்ணீரை மறுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. வாழ்வுரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் அடிப்படை. வழக்குத் தொடுத்தது தண்ணீர் உரிமைக்காகப் போராடும் மும்பை அமைப்பான பாணி ஹக் சமிதி. அது வேறு மாநில நீதிமன்றம் என்பதால் அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதை எடுத்துக்காட்டி மனுவில் ஒரு பத்தி சேருங்கள்.

வடசென்னை வாசகி:
நோட்டு வாங்கியாயிற்று. கழிப்பறைப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் கேட்கலாமா ஐயா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:
தாராளமாக. ஒப்பந்தத் தொகையையும் விடாதீர்கள்.