இரண்டு வைஸிலும் ஒரே 0.35 விலகல், போர் (துளை) சுவரில் பள்ளக் கோடு: ஆஃப்செட்டில் பிழையா, டூலில் பிழையா?

கணபதி மில்லிங்:

வணக்கம். கோவையில் பம்ப் மோட்டாருக்கான வார்ப்பிரும்பு உறைகளுக்கு மில்லிங், போரிங் செய்துதரும் சிறு பட்டறையில் வி.எம்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் செங்குத்து மில்லிங் எந்திரம்) ஓட்டுகிறேன். மூன்று அச்சு, ஃபானுக் கன்ட்ரோல், பி.டி.40 வகை ஸ்பிண்டில் (டூலைப் பிடித்துச் சுழலும் தண்டு). உறையில் 6206 பேரிங் உட்காரும் 62 மி.மீ. போர், அளவு வரம்பு எச்7. அதாவது 62.000 முதல் 62.030 வரைதான் இடம். ஜாபை (வேலை நடக்கும் உறையை) இறுக்கிப் பிடிக்க இரண்டு வைஸ் போட்டிருக்கிறோம். ஜாபின் பூஜ்யப் புள்ளியைப் பதியும் ஆஃப்செட் இடதுக்கு ஜி54, வலதுக்கு ஜி55.

இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. ஸ்டாப்பரில் ஒட்டும் முகத்திலிருந்து எக்ஸ் திசையில் போரின் மையம் 48 மி.மீ.யில் வரவேண்டும். 48.35 வருகிறது. இரண்டு வைஸிலும் அதே அளவு. ஒய் திசையில் பிழையே இல்லை. 10 மி.மீ. எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பின் இடத்தைக் காணும் கருவி) முகத்தைத் தொட்டு, 5 மி.மீ. ஆரத்தைக் கூட்டி, மெஷின் கோஆர்டினேட் எண்ணை (எந்திரத்தின் சொந்தப் பூஜ்யத்திலிருந்து உள்ள தூரம்) கையால் அந்தந்த வரியில் பதிந்திருக்கிறேன். மறுபடியும் தொட்டுப் பார்த்தாலும் அதே எண்தான் கிடைக்கிறது.

இரண்டாவது, போரின் உள்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. சில நாள் விழுகிறது, சில நாள் சுவர் கண்ணாடிபோல் வருகிறது. போரைக் கடையும் ஜி76 சைக்கிளின் புரோகிராம் வரி இது:

ஜி98 ஜி76 எக்ஸ்48.0 ஒய்40.0 இசட்-16.2 ஆர்3.0 கியூ0.2 பி500 எஃப்36

ஸ்பிண்டில் வேகம் 600. எட்ஜ் ஃபைண்டர் பழுது, புதிது வாங்கலாம் என்கிறார் முதலாளி. எந்திரத்தின் பால் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் திருகு) தேய்ந்துவிட்டது என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். கோடு விழுந்த உறையை மீட்க வழியில்லை. போரைப் பெரிதாக்கினால் பேரிங் நிற்காது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

டூல்ரூம் பெரியவர்:

தம்பி, எதையும் வாங்க வேண்டாம், ஸ்க்ரூவையும் கழற்ற வேண்டாம். இரண்டும் வேறு வேறு கோளாறு, தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் 0.35. எட்ஜ் ஃபைண்டர் ஆரத்தைக் கூட்ட மறந்தால் 5 மி.மீ. தவறும், கூட்டுவதற்குப் பதில் கழித்தால் 10 மி.மீ. தவறும். 0.35 அந்தக் கணக்கில் வராது. இரண்டு வைஸையும் நீங்கள் தனித்தனியாகத் தொட்டிருக்கிறீர்கள். கைப்பிழை என்றால் இரண்டிலும் ஒரே எண் வந்திருக்காது. ஆகவே ஜி54-க்கும் ஜி55-க்கும் பொதுவான ஓர் இடத்தில் எண் உட்கார்ந்திருக்கிறது. ஆஃப்செட் பக்கத்தில் ஜி54-க்கு மேலே 00 என்று ஒரு வரிசை இருக்கும், பக்கத்தில் இ.எக்ஸ்.டி. என்று எழுதியிருக்கும். அதில் உள்ள எண் ஜி54 முதல் ஜி59 வரை எல்லாவற்றோடும் கூடும்.

கண்டுபிடிக்க எளிய வழி: இசட்டை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, எம்.டி.ஐ.யில் (கட்டளையை நேரடியாகத் தட்டி ஓட்டும் முறை) ஜி90 ஜி54 ஜி0 எக்ஸ்0 ஒய்0 கொடுங்கள். நின்ற இடத்தில் திரை காட்டும் மெஷின் கோஆர்டினேட்டும் ஜி54 வரியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அது 00 வரிசையிலிருந்தோ, முந்தைய புரோகிராம் விட்டுப்போன பூஜ்யத்தை நகர்த்தும் ஜி52, ஜி92 கட்டளைகளிலிருந்தோ வருகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 00 வரிசையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். சில பட்டறைகளில் இசட் உயரத்தை வேண்டுமென்றே அங்கே வைத்திருப்பார்கள். அதை அழித்தால் டூல் நேராக ஜாபில் இறங்கும். இசட்டில் ஏதாவது இருந்தால் காரணம் தெரியாமல் தொடவே வேண்டாம்.

கோட்டைப் பற்றி மூன்று கேள்விகள். நகத்தால் வருடினால் சிக்குகிறதா, அல்லது மயிரிழைபோல் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதா? எப்போதும் ஒரே பக்கமா? போரிங் ஹெட்டை (போரைக் கடையும் டூல்) ஸ்பிண்டிலில் கையால் மாட்டுகிறீர்களா?

கணபதி மில்லிங்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஜி54 வரியில் எக்ஸ் -412.600. நின்ற இடத்தில் மெஷின் கோஆர்டினேட் -412.250. 00 வரிசையில் எக்ஸ் 0.350 இருக்கிறது, ஒய், இசட் பூஜ்யம். புதுப் புரோகிராமைக் காற்றில் ஓட்டிப் பார்க்க இங்கே எல்லோரும் அதே வரிசையின் இசட்டில் 100 போட்டுப் பிறகு எடுப்பது வழக்கம். திரையைத் திறந்ததும் கர்சர் முதலில் நிற்பதும் அங்கேதான். எக்ஸை மட்டும் பூஜ்யமாக்கி ஓர் உறை ஓட்டினேன், 48.00 வந்துவிட்டது.

கோடு நகத்தில் நன்றாகவே சிக்குகிறது. எப்போதும் எக்ஸ் பிளஸ் பக்கம். ஹெட்டைக் கையால்தான் மாட்டுகிறோம்; இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றக் கழற்றி மறுபடியும் போடுவோம்.

டூல்ரூம் பெரியவர்:

அப்படியென்றால் ஹெட் 180 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

ஜி76 என்ன செய்கிறது என்று பாருங்கள். அடிவரை கடைந்து, பி அளவு நேரம் நின்று, ஸ்பிண்டிலை எம்19 கட்டளையின் நிலையான கோணத்தில் நிறுத்துகிறது. பிறகு கியூ அளவு பக்கவாட்டில் நகர்ந்து, முனையைச் சுவரிலிருந்து விலக்கி மேலே வருகிறது. நகரும் திசை பாராமீட்டரில் (கன்ட்ரோலின் உள் அமைப்பு) நிலையாக இருக்கிறது. முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கன்ட்ரோலுக்குத் தெரியாது. திசை எக்ஸ் பிளஸ் என்றால் முனை எக்ஸ் மைனஸைப் பார்த்து இருக்க வேண்டும். பி.டி. ஹோல்டரில் சாவிப் பள்ளங்கள் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு விதமாகவும் உட்காரும். தலைகீழாக உட்கார்ந்தால் விலகுவதற்குப் பதில் முனை 0.2 மி.மீ. சுவருக்குள் புகுந்து, அப்படியே மேலே இழுத்துக்கொண்டு வரும். பள்ளத்தின் ஆழத்தை அளந்தால் ஏறக்குறைய உங்கள் கியூ எண்ணே கிடைக்கும். சில நாள் நல்லதாக வந்ததற்கும் காரணம் இதுதான்: அன்று சரியான பக்கம் மாட்டியிருக்கிறார்கள்.

ஜாபுக்கு வெகு மேலே, காற்றில், கியூவை 2.0 ஆக்கி சிங்கிள் பிளாக்கில் (படிப்படியாக நிறுத்தி ஓட்டும் முறை) ஒரு முறை ஓட்டுங்கள். நகர்வு கண்ணுக்கே தெரியும். முனைக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தால் சரி. முனை பார்க்கும் பக்கமே நகர்ந்தால் ஹோல்டரைத் திருப்பிப் போடுங்கள். பாராமீட்டரை மாற்றாதீர்கள், அடுத்த டூல் அதற்குப் பலியாகும். சோதனை முடிந்ததும் கியூவை 0.2-க்குக் கொண்டுவாருங்கள்.

சைடுலாக் சேகரம்:

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், பின்னால் இதே உரையாடலைத் தேடி வருபவர்களுக்காக. நகத்தில் சிக்காத மயிரிழைக் கோடு என்றால் ஹெட் தலைகீழாக இல்லை, முனை 90 டிகிரி தள்ளி இருக்கிறது. சைடு லாக் ஹோல்டரில் (பக்கத் திருகால் இறுக்குவது) போரிங் பாரைத் திருப்பி இறுக்கினால் இப்படி ஆகும். அப்போது 0.2 நகர்வு சுவரை ஒட்டியே போகிறது. 31 மி.மீ. ஆரத்தில் கணக்குப் போட்டால் மையத்திலிருந்து முனையின் தூரம் 0.0006 மி.மீ. மட்டுமே மாறுகிறது. முனை சுவரை விட்டு விலகவே இல்லை, உரசிக்கொண்டே மேலே வருகிறது. ஜி76-க்குப் பதில் ஜி86 போரிங் சைக்கிள் போட்டவர்களுக்கும் இதே மயிரிழை விழும். அதில் ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிற்கும் என்பதால் கோடு ஒவ்வோர் உறையிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும்.

இன்னொன்று. கியூவை ஒவ்வொரு ஜி76 வரியிலும் எழுதுங்கள். முன்னால் ஜி83 டிரில்லிங் சைக்கிளில் கொடுத்த கியூ5.0 ரத்தாகாமல் இருந்தால், ஜி76 அதையே நகர்வாக எடுத்துக்கொண்டு 5 மி.மீ. தள்ளும். ஹெட்டின் உடம்பே சுவரில் மோதும்.

கணபதி மில்லிங்:

காற்றில் ஓட்டிப் பார்த்தேன். முனை எக்ஸ் பிளஸ் பக்கம் இருந்தது, நகர்வும் எக்ஸ் பிளஸ். திருப்பிப் போட்டதும் போர் சுத்தமாக வருகிறது, கோடு இல்லை. ஹோல்டர் காலரில் முனை இருக்கும் பக்கம் சிவப்புப் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டேன். மாட்டுவதற்கு முன் எம்.டி.ஐ.யில் எம்19 கொடுத்து, புள்ளி எக்ஸ் மைனஸைப் பார்க்கும்படி போடவேண்டும் என்று இரவு ஷிப்டுக்கும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

00 வரிசையில் மறுபடியும் எண் விழாமல் தடுக்கப் புரோகிராமிலேயே ஏதாவது செய்யலாமா?

டூல்ரூம் பெரியவர்:

செய்யலாம். புரோகிராமின் தொடக்கத்தில், ஜி54-ஐ அழைப்பதற்கு முன்னால், ஜி90 ஜி10 எல்2 பி0 எக்ஸ்0 ஒய்0 என்று எழுதுங்கள். ஜி10 எல்2 ஆஃப்செட்டில் எண்ணைப் பதியும் கட்டளை, பி0 என்பதுதான் 00 வரிசை. இசட்டை அந்த வரியில் சேர்க்காதீர்கள். காற்றில் ஓட்ட ஒருவர் 100 போட்டு வைத்திருக்கும்போது புரோகிராம் அதை அழித்துவிட்டால் டூல் ஜாபுக்கே இறங்கிவிடும்.