சைவரான அம்மாவுடன் ஜெனோவா, பாரி பயணம்: வழிகாட்டல் தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலை காரணமாக இத்தாலியின் பொலோன்யாவில் குடியிருக்கும் எங்களுடன் தங்க என் அம்மா அக்டோபரில் வருகிறார். சுற்றுலா நிறுவனத்தை நாடாமல், ரயிலிலேயே அவரை இதே நாட்டிலுள்ள ஜெனோவாவுக்கும் பாரிக்கும் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். முட்டைகூடத் தொடாத சைவர் என்பதால், பொலோன்யாவின் புகழ்பெற்ற தோர்தெல்லினி என்னும் பூரணம் வைத்த பாஸ்தா அவருக்கு ஆகாது: மாவில் முட்டை, உள்ளே பன்றியிறைச்சி, வேகவைப்பதும் இறைச்சிச் சாற்றில். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்க வேண்டும் என்பது விதியாதலால், அது கலந்த பெஸ்தோ என்னும் இலைத் துவையலும் கூடாது.

ஆனால் கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் கரைத்து, அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் ஓரம் முறுகச் சுடும் ஜெனோவாவின் ஃபரினாத்தாவை அவர் நிச்சயம் விரும்பிச் சாப்பிடுவார். ஜெனோவாவின் பழைய நகரப் பகுதியில் அதை இன்றும் விறகிலேயே சுடும் கடைகள் எவை? பாரியில், ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் பிசையும் ஒரெக்கியெத்தே என்னும் பாஸ்தாவைக் கீரையுடன், நெத்திலி சேர்க்காமல் சமைத்துத் தருமாறு எந்த உணவகத்தில் நம்பிக் கேட்கலாம்? இரு ஊர்களிலும் ரயில் நிலையத்துக்கு அருகே, சமையலறையுடன் கூடிய, மாடிப்படி அதிகம் ஏற வேண்டியிராத தங்குமிடம் தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு.